திருமணப் படத்துக்குப் பெரிய பிலிமா, சிறிய பிலிமா?

பிலிமில் மறுபடியும் திருமணப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் சிலர் என்னிடம் முதலில் கேட்பது, "35 எம்.எம். போதுமா, மீடியம் ஃபார்மட் வாங்கியே ஆக வேண்டுமா?" என்பதுதான். கேட்கும்போதே பாதிப் பதிலை மனத்தில் முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார்கள். பெரிய பிலிம் என்றால் பின்னணி அழகாக மங்கும், இருட்டான மண்டபத்திலும் நன்றாக விழும், "அந்த லுக்" தானாக வந்துவிடும் என்று மூன்று நம்பிக்கைகள் அவர்களிடம் இருக்கின்றன. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது ஏறக்குறைய தலைகீழ். மூன்றாவதை எப்படிச் சோதிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை, ஏனெனில் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். பிலிமின் அளவு உண்மையில் எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை என்பதைப் புதிதாக வருபவருக்கும் விளங்கும்படி இங்கே எழுத முயல்கிறேன்.

பெயர்களும் அளவுகளும்

35 எம்.எம். என்பது பிலிம் பட்டையின் அகலம். இரு ஓரங்களிலும் உள்ள துளைகளுக்கு இடம் போக, படம் விழும் பரப்பு 24×36 மி.மீ. சினிமாவுக்காக உருவான இந்தப் பட்டையைக் கைக்கு அடக்கமான கேமராவுக்குள் கொண்டுவந்து பரவச் செய்த பெருமை, 1925-இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்காவுக்கு உண்டு. பின்னாளில் நம் ஊர் ஸ்டுடியோக்களில் புழங்கிய பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்.எம்.2 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

120 ரோல் என்பதிலுள்ள 120-ஐப் பலர் மி.மீ. என்று நினைக்கிறார்கள். அது 1901-இல் வெளிவந்த ஒரு ரோலுக்குக் கோடாக் நிறுவனம் கொடுத்த எண் மட்டுமே. பட்டையின் அகலம் சுமார் 61 மி.மீ. துளைகள் கிடையாது, டப்பாவும் கிடையாது, பின்புறம் ஒரு காகிதம் சேர்ந்தே சுற்றியிருக்கும். இந்த ரோலில் எடுக்கும் படங்களையே மீடியம் ஃபார்மட் என்கிறோம். தனித்தனித் தாளாக வரும் 4×5 அங்குலப் பெரிய பிலிமுக்கும் 35 எம்.எம்.முக்கும் நடுவே நிற்பதால் இந்தப் பெயர். ஒரே ரோலில் கேமராவைப் பொறுத்துப் படத்தின் அளவு மாறும். 645 எனப்படும் வகையில் ஏறக்குறைய 56×41.5 மி.மீ. அளவில் 15 அல்லது 16 படங்கள், 6×6 சதுரத்தில் 12, 6×7-இல் 10. பழைய ஸ்டுடியோக்களில் பார்த்திருக்கக்கூடிய யாஷிகா, ரோலிகார்ட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களும், 1957-இல் வந்த ஹாசல்பிளாட் 500சி-யும் சதுரப் படம் எடுப்பவை.

சுருக்கமாக, 35 எம்.எம். படத்தைப்போல 645 படம் சுமார் 2.7 மடங்கு பரப்பும், சதுரப் படம் சுமார் 3.6 மடங்கு பரப்பும் கொண்டது. வேறுபாடுகள் பலவும் இந்த ஒரு கணக்கிலிருந்து கிளம்புகின்றன. சில கிளம்புவதில்லை, குழப்பம் அங்கேதான்.

பாஸ்போர்ட் படமும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையும்

தெருமுனையில் வைக்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையைக் கிட்டே போய்ப் பார்த்திருப்பீர்கள். பெரியவரின் முகம் புள்ளி புள்ளியாக, ஓரங்கள் கரைந்து இருக்கும். வீட்டில் அகப்பட்ட ஒரே பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஆறடிக்கு நீட்டியிருப்பார்கள். அந்தப் படம் கையில் இருந்தபோது தெளிவாகத்தான் இருந்தது. அதில் இருந்த விவரத்துக்கு மேல் நீட்டியதுதான் சிக்கல்.

பிலிமிலும் இதுவே நடக்கிறது. பிலிமின் மேல் பூசியிருக்கும் கலவையில் ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் கலந்திருக்கின்றன. கலர் பிலிமைக் கழுவும்போது வெள்ளி நீங்கி, அது இருந்த இடத்தில் சாயத் திட்டுகள் நிற்கும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினால் தென்படும் இந்தப் புள்ளித் தன்மையைத் துகள் என்று சொல்வோம். ஒரே வகைப் பிலிமை, உதாரணமாகக் கோடாக் போர்ட்ரா 400-ஐ, 35 எம்.எம்.மில் வாங்கினாலும் 120-இல் வாங்கினாலும் துகளின் அளவு ஒன்றுதான். எத்தனை மடங்கு நீட்டுகிறோம் என்பதே வேறு. 12×18 அங்குலச் சுவர்ப்படம் வேண்டுமானால் 35 எம்.எம். நெகட்டிவைச் சுமார் 13 மடங்கு பெரிதாக்க வேண்டும். 645 நெகட்டிவுக்குச் சுமார் 8 மடங்கு போதும்.

ஒளிப்பெட்டியின் மேல் இரண்டு நெகட்டிவ்களையும் வைத்து லூப் கண்ணாடியால் ஒருமுறை பார்த்துவிட்டால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மணப்பெண்ணை முழு உருவமாக எடுத்த 35 எம்.எம். நெகட்டிவில் பட்டுப்புடவையின் ஜரிகை ஒரு பளபளப்பான பட்டையாக மட்டும் தெரியும். அதே சட்டகத்தை 6×6-இல் எடுத்தால் அந்தப் பட்டைக்குள் மயில் இருக்கிறதா, ருத்ராட்சம் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். கன்னத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் சரிவும் அப்படியே: குறைவாக நீட்டும்போது அந்தச் சரிவில் துகள் குறுக்கிடாது, வழவழப்பாகத் தெரியும். "லுக்" என்று பலர் சொல்வதில் நான் ஒப்புக்கொள்ளும் பகுதி இதுதான்.

ஆனால் 4×6 அங்குலப் பிரிண்டுக்கு 35 எம்.எம். நெகட்டிவை 4 மடங்கு சொச்சம் பெரிதாக்கினால் போதும். அந்த அளவில் நல்ல பிலிமின் துகள் யார் கண்ணுக்கும் உறுத்தாது. கைப்பேசித் திரையில் பார்ப்பதற்கும் அப்படியே. ஆகவே பிலிம் அளவின் நேரடிப் பயன், படம் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்பதை ஒட்டியே நிற்கிறது.

பின்னணியை மங்கச் செய்வது லென்ஸின் துளை

"மீடியம் ஃபார்மட்டில் பின்னணி அப்படியே கரைந்துவிடும்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. இதைச் சோதிக்க ஒரு வகுத்தல் கணக்கு போதும். அதற்கு முன் இரண்டு சொற்கள். தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் தெளிவாக விழுவதற்கு லென்ஸிலிருந்து பிலிம் இருக்க வேண்டிய தூரமே குவியத் தூரம்; 50 எம்.எம். லென்ஸ், 80 எம்.எம். லென்ஸ் என்று சொல்வது இதைத்தான். அந்தக் குவியத் தூரத்தை லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். எண் சிறியதானால் துளை பெரியது.

35 எம்.எம்.மில் 50 எம்.எம். லென்ஸ் எவ்வளவு அகலத்தைப் பார்க்கிறதோ, அதையே 645-இல் சுமார் 80 எம்.எம். லென்ஸ் பார்க்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று எடுத்தால் ஒரே சட்டகம் கிடைக்கும். அப்படி எடுக்கும்போது பின்னணி எவ்வளவு மங்கும் என்பதைத் தீர்மானிப்பது எஃப் எண் அன்று. துளையின் உண்மையான விட்டம். மீடியம் ஃபார்மட்டில் வழக்கமாக வரும் 80 எம்.எம். எஃப் 2.8 லென்ஸின் துளை சுமார் 29 மி.மீ. சாதாரண 35 எம்.எம். கேமராவின் 50 எம்.எம். எஃப் 1.4 லென்ஸில் அது சுமார் 36 மி.மீ. அதாவது முழுத் திறப்பில் சிறிய கேமராவே பின்னணியைக் கூடுதலாக மங்கச் செய்யும். முகப்படங்களுக்குப் போனால் இடைவெளி இன்னும் கூடும்: ஹாசல்பிளாடின் 150 எம்.எம். எஃப் 4 லென்ஸில் துளை 37.5 மி.மீ.; 35 எம்.எம்.முக்கான 85 எம்.எம். எஃப் 1.4-இல் ஏறக்குறைய 61 மி.மீ.

பிறகு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. ஒரே எஃப் எண்ணில் ஒப்பிட்டால், 2.8-க்கு 2.8 என்று வைத்தால், 80 எம்.எம். லென்ஸின் துளை பெரியது, எனவே அதுவே மங்கலில் வெல்லும். மற்றொன்று, 1999-இல் வெளிவந்து வெளிநாட்டுத் திருமணப் புகைப்படக்காரர்கள் இன்றும் தேடிப் பிடித்து வாங்கும் கான்டாக்ஸ் 645. அதன் 80 எம்.எம். லென்ஸ் எஃப் 2 வரை திறக்கும், துளை 40 மி.மீ. அந்த ஒரு கேமராவின் படங்களைப் பார்த்துவிட்டு, மீடியம் ஃபார்மட் முழுவதற்கும் அந்தக் குணம் உண்டென்று எண்ணி, எஃப் 3.5 லென்ஸோடு வரும் பழைய இரட்டை லென்ஸ் கேமராவை வாங்கி ஏமாறுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேமராவின் மேல் குற்றம் இல்லை.

ஒரு கரண்டி மாவு

இருட்டைப் பற்றிய நம்பிக்கைக்கு வருவோம். பெரிய பிலிம் கூடுதல் ஒளியை வாங்கும் என்று சொல்வது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது; பெரிய பாத்திரத்தில் கூடுதல் மழைநீர் பிடிக்கலாமே என்பார்கள். ஆனால் கேமராவுக்குள் மழை நேராகப் பெய்வதில்லை. லென்ஸின் துளை வழியே எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் உள்ளே.

இதைத் தோசைக் கல்லாக நினைத்துக்கொள்ளுங்கள். துளை என்பது கரண்டி. ஒரே கரண்டி மாவைச் சிறிய கல்லில் பரப்பினால் தோசை கனமாக வரும்; பெரிய கல் முழுக்கப் பரப்பினால் மெல்லியதாக வரும். ஒரே விட்டமுள்ள துளை வழியே வரும் ஒளி 24×36 மி.மீ. பரப்பில் விழுவதற்கும், 2.7 மடங்கு பெரிய 645 பரப்பில் விழுவதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. பெரிய பிலிமில் ஒவ்வொரு இடத்திலும் ஒளி மெலிந்து விழுகிறது. அதை ஈடுகட்ட ஷட்டரைக் கூடுதல் நேரம் திறக்க வேண்டும், அல்லது ஒளியை விரைந்து வாங்கும் பிலிமைப் போட வேண்டும். பிலிம் ஒளியை எவ்வளவு விரைந்து வாங்கும் என்பதற்கான எண்ணே ஐ.எஸ்.ஓ.; எண் கூடினால் துகளும் பெரிதாகும். 35 எம்.எம்.மில் 400 போட்டு எடுத்ததை 645-இல் அதே மங்கல், அதே ஷட்டர் வேகத்தில் எடுக்க 1000-க்கு மேல் வேண்டும். பரப்பில் சம்பாதித்ததைத் துகளில் செலவழித்துவிட்டோம்.

ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலை முகூர்த்தம், மேலே டியூப்லைட், நடுவே ஹோமப் புகை. மேடையில் என் ஒளிமானி பல முறை காட்டியிருப்பது ஐ.எஸ்.ஓ. 400-க்கு எஃப் 2, ஷட்டர் 1/60 நொடி. 35 எம்.எம்.மில் இது ஒரு தொல்லையே இல்லை; எஃப் 1.4-க்குத் திறந்தால் 1/125 கூடக் கிடைக்கும். எஃப் 2.8-க்கு மேல் திறக்காத மீடியம் ஃபார்மட் லென்ஸில் அதே பிலிமுக்கு 1/30-க்கு இறங்க வேண்டும். முடிச்சுப் போடும் மாப்பிள்ளையின் விரல்கள் அந்த நேரத்தில் நிச்சயமாக அசையும். பிலிமைக் கூடுதல் நேரம் கழுவி வேகத்தை ஏற்றும் புஷ் முறை உண்டு. ஆனால் அதில் நிழல்கள் வெறுமையாகிவிடும், கருங்கூந்தலும் மாப்பிள்ளை மீசையும் ஒரே கறுப்புத் திட்டாகும்.

அப்படியானால் அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் 120 கேமராவை வைத்துக்கொண்டு எப்படித் திருமணம் எடுத்தார்கள் என்று கேட்கலாம். ஃபிளாஷ் வைத்து எடுத்தார்கள். ஒளியைத் தாமே கொண்டுபோனதால் எஃப் 8-இல் எல்லா முகமும் தெளிவாக விழுந்தது. பெரிதாக்கும் கருவி இல்லாமலே நெகட்டிவை நேராகத் தாளின்மேல் வைத்துச் சதுரமாகப் பிரிண்ட் போட முடிந்ததும் ஒரு வசதி. பல வீடுகளின் பழைய ஆல்பங்களில் ஓரம் வெட்டிய அந்தச் சிறு சதுரங்கள் இன்னும் ஒட்டியிருக்கின்றன.

இதுவரை சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியது: பெரிதாக்கும்போது பெரிய பிலிமுக்கு லாபம்; மங்கலைத் தருவது துளை; ஒளி குறையும்போது பெரிய பிலிமின் லாபம் கரைகிறது.

உச்சி வெயிலில் ஃபிளாஷ்

கோவிலில் திருமணம் முடித்து வெளியே வரும் நேரம் பதினொரு மணியாகிவிடும். வெயில் தலைக்கு மேல் நிற்கும்; கண்குழிகள் கறுத்துப்போகும். அந்த நிழலை நிரப்பப் பகலிலும் ஃபிளாஷ் அடிக்க வேண்டியிருக்கிறது. பெரிய கேமராக்களில் சில இங்கே தெளிவாக வெல்கின்றன, அதற்கும் பிலிம் அளவுக்கும் தொடர்பில்லை, ஷட்டர்தான் காரணம்.

பார்ப்பதும் எடுப்பதும் ஒரே லென்ஸ் வழியே நடக்கும் 35 எம்.எம். எஸ்.எல்.ஆர். கேமராவில் பிலிமுக்கு முன்னால் இரண்டு திரைகள் ஓடுகின்றன. முதல் திரை விலகிப் பிலிமைத் திறக்கும்; இரண்டாவது பின்தொடர்ந்து வந்து மூடும். வேகம் கூடும்போது முதல் திரை முழுவதும் விலகுவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும், நடுவில் ஒரு கீற்று மட்டுமே நகர்ந்துகொண்டிருக்கும். ஃபிளாஷ் மின்னுவதோ கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. மின்னிய கணத்தில் கீற்று எங்கே இருந்ததோ அந்தப் பட்டையில் மட்டும் வெளிச்சம் விழும். எனவே பிலிம் முழுவதும் திறந்திருக்கும் வேகத்துக்குள்ளேயே எடுக்க வேண்டும். கே1000-இல் அந்த எல்லை 1/60. ஐ.எஸ்.ஓ. 400 பிலிமோடு உச்சி வெயிலில் 1/60-இல் எடுக்க வேண்டுமானால் துளையை எஃப் 40 வரை சுருக்க வேண்டும், அப்படி ஒரு லென்ஸ் நம்மிடம் இல்லை.

இலை ஷட்டர் என்பது லென்ஸுக்குள்ளேயே பூவிதழ்போலத் திறந்து மூடும் சிறு தகடுகள். எந்த வேகத்திலும் அது ஒரு கணம் முழுமையாகத் திறந்தே தீரும் என்பதால் 1/500-இலும் ஃபிளாஷ் ஒழுங்காக விழும். ஹாசல்பிளாட் 500 வரிசையிலும் இரட்டை லென்ஸ் கேமராக்களிலும் இருப்பது இதுவே. எல்லா மீடியம் ஃபார்மட் கேமராவிலும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பென்டாக்ஸ் 67-இல் திரைதான். அதன் எல்லை 1/30. நிக்கான் எஃப்.எம்.2-இன் பிந்தைய வடிவத்தில் 1/250 கிடைக்கிறது, அது வெயிலுக்கு ஏறக்குறைய போதும்.

பன்னிரண்டாவது படம்

கணக்கில் வராத ஒன்று மீதியிருக்கிறது. உறவினர் திருமணம் ஒன்றில் இரட்டை லென்ஸ் கேமராவோடு மேடையேறினேன். மணமக்கள் மணையில் தரையோடு அமர்ந்திருந்ததால் இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கும் அந்தக் கேமரா மிக வசதியாக இருந்தது. முகத்துக்கு நேரே கேமரா நீட்டாததால் பெண்ணும் கூச்சமில்லாமல் இருந்தாள். அதன் கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும் என்பதால், மாப்பிள்ளை இடப்பக்கம் சாய்ந்தபோதெல்லாம் நான் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன், அது தனிக் கதை. கெட்டிமேளம் என்று குரல் கேட்டபோது எண்காட்டியில் 11 என்று இருந்தது. முதல் முடிச்சோடு ரோல் முடிந்தது. பின்கதவைத் திறந்து, காலியான சுருளை இடம் மாற்றி, புது ரோலின் காகித நாக்கைச் செருகி, அம்புக்குறி நேரே வரும்வரை சுற்றி நிமிர்ந்தபோது மடியெல்லாம் அட்சதை கிடந்தது. நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அருகில் நின்ற பையன் ஒருவன், "அண்ணே, இன்னொரு வாட்டி கட்டச் சொல்லட்டுமா?" என்றான்.

36 படம் உள்ள ரோலிலும் இந்த விபத்து நடக்கலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு முறைதான் நடக்கும். ஹாசல்பிளாடில் பிலிம் நிரப்பிய பின்பெட்டியை மொத்தமாகக் கழற்றி மாற்றலாம் என்பது பெரிய உதவி. கழற்றும்போது பிலிமில் வெளிச்சம் படாமல் மறைக்கும் இருட்டுத் தகட்டை உருவ மறந்தால் பொத்தான் அழுந்தாது என்பதும் மேடையில்தான் நினைவுக்கு வரும். எடையும் சாதாரணமன்று: எஃப்.எம்.2 உடல் 540 கிராம், 6×7 படம் எடுக்கும் மாமியா ஆர்.பி.67 லென்ஸோடு 2 கிலோவுக்கு மேல். காலை நான்கு மணி முதல் பந்தி முடியும்வரை கழுத்தில் தொங்கப்போவது அது.

செலவு

36 படம் உள்ள 35 எம்.எம். ரோலிலும் ஒரு 120 ரோலிலும் பிலிமின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய ஒன்றே, சுமார் 80 சதுர அங்குலம். ஒரே அளவு துணியில் 36 கைக்குட்டை வெட்டுவதா, 12 துண்டு வெட்டுவதா என்பதுதான் கேள்வி. ரோலின் விலையும் கழுவும் கூலியும் பெருமளவு ஒத்திருப்பதால், சதுரப் படம் ஒன்றின் செலவு 35 எம்.எம். படத்தைப்போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த இடத்தில் எது

ஒரே ஒரு கேமராவோடு முழுத் திருமணத்தையும் எடுக்க வேண்டுமென்றால் 35 எம்.எம்.மையும், எஃப் 1.4 அல்லது எஃப் 1.8 வரை திறக்கும் 50 எம்.எம். லென்ஸையும் சொல்வேன். நலங்கு, மாலை மாற்றல், தாலி கட்டு, பந்தி ஆகிய அனைத்தும் ஒளி குறைந்த, ஆட்கள் நகரும், திரும்பச் செய்ய முடியாத நேரங்கள். மீதிப் பணம் இருந்தால் பெரிய கேமராவுக்குச் சேர்ப்பதைவிட இரண்டாவது 35 எம்.எம். உடல் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. ஒன்றில் ரோல் முடிந்தால் மற்றொன்று கையில் இருக்கும்.

மீடியம் ஃபார்மட்டுக்கு உரிய நேரம் முகூர்த்தம் முடிந்த பிறகு வருகிறது. எட்டு மணி வெளிச்சத்தில் மண்டபத்தின் மொட்டை மாடி, நிழல் விழும் சுவர், நின்று பார்க்கச் சம்மதிக்கும் மணமக்கள், பெரியவர்களை அமரவைத்து எடுக்கும் குடும்பப் படம். சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டப்போவதும் இவையே. இரண்டு ரோல், 24 படம் போதும். குடும்பப் படத்தில் நாற்பது பேர் நிற்கும்போது ஒவ்வொரு முகமும் நெகட்டிவில் எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த இடத்தில் பெரிய பிலிம் வேண்டும் என்பது விளங்கும்.

இரண்டையும் கொண்டுபோகிறவர்கள் ஒரே வகைப் பிலிமை இரண்டு அளவிலும் வாங்கினால் ஆல்பத்தில் நிறம் ஒத்துப்போகும். முடிந்த 120 ரோலுக்கு டப்பா இல்லாததால் நிழலில் நின்று இறுக்கிச் சுற்றி ஒட்ட வேண்டும். தளர்ந்தால் ஓரத்தில் வெளிச்சம் ஏறும். 35 எம்.எம்.மில் திருப்பிச் சுற்றும்போது நாக்கை முழுவதும் உள்ளே இழுத்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவசரத்தில் அதைப் புது ரோல் என்று எண்ணி மறுபடி மாட்டி, நலங்கின்மேல் வரவேற்பை எடுத்துவிடுவீர்கள்.